மைக்கில் ஒரு சமாதானம்

"பேசறதுக்கு ஒரு சம்பளமா? அதுக்கு இன்னாத்துக்குடி இவ்ளோ படிப்பு? எங்க ஊட்டு ஆட்டுக்குட்டி கூடத்தான் நாளெல்லாம் கத்திக்கினு கீது. அதுக்கு எவன் சம்பளம் குடுத்தான்?"

எனக்கு வேலை கிடைத்த சேதியைச் சொன்னபோது நைனாவின் அக்கா, அதாவது என் அத்தை, வேர்க்கடலை உரித்துக்கொண்டே கேட்ட கேள்வி இது. தலையை நிமிர்த்தக்கூட இல்லை. நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில் இல்லை. சொல்லியிருந்தாலும் அவள் கேட்டிருக்க மாட்டாள்.

அத்தையைக் குறை சொல்ல முடியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போனதும் நான்தான் முதல். நைனாவுக்குக் கைநாட்டு. அம்மா மகளிர் குழுவில் சேர்ந்த பிறகு தன் பெயரைப் படம் வரைவதுபோல எழுதக் கற்றுக்கொண்டாள். ஆந்திராவில், கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்; வீட்டில் பேசுவது தமிழ். ஒரு தலைமுறைக்கு முன் அடுத்தவர் நிலத்தில் குனிந்தவர்கள், இப்போது எங்களுடைய முக்கால் ஏக்கரில் குனிகிறோம். குனியாமல் உட்கார்ந்து, வாயால் செய்யும் வேலை ஒன்று உண்டு என்பதை அத்தை எப்படி நம்புவாள்?

வேலை இதுதான். திருப்பதியில் பேருந்துகள் வந்து நிற்கும் ஒரு வளாகத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மைக்கில் அறிவிப்புச் செய்வது. தெலுங்குக்கு ஓர் அக்கா இருந்தார். தமிழுக்கு நான். கன்னடத்துக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பெங்களூர் போனபின் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. எங்களை வேலைக்கு எடுத்தவர் ஓர் ஒப்பந்தக்காரர். அவருடைய மேற்பார்வையாளர் ஒரு தெலுங்கர், கண்டிப்பானவர், சட்டைப்பையில் எப்போதும் மூன்று நிறப் பேனா வைத்திருப்பார். முதல் நாளே சொல்லிவிட்டார்: மூன்று மாதம் பார்ப்பேன், சரியாக வந்தால் நிரந்தரம், இல்லையென்றால் வேறு ஆள்.

இரண்டாம் நாளே சறுக்கினேன். வேலூர் வண்டி கிளம்பப் போகிறது, ஆட்கள் தப்பான பக்கம் ஓடுகிறார்கள். அவசரத்தில் தாளைப் பார்க்காமல் மைக்கை அழுத்தி, "வேலூர் வண்டி நாலாவது பிளாட்பாரத்துல நின்னுகினு கீது, சீக்கிரம் வாங்க" என்று சொல்லிவிட்டேன். வேலூர்க்காரர்கள் எல்லாரும் சரியாக வந்து ஏறிவிட்டார்கள். ஆனால் மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாது, சிரிப்பு தெரியும். கூண்டுக்கு வந்து, "சூடம்மா, பேப்பர்லோ உன்னது உன்னட்டு சதுவு" என்றார். பாரம்மா, தாளில் இருப்பதை இருக்கிறபடியே படி என்று அர்த்தம்.

தாளில் இருந்தது "பயணிகளின் கனிவான கவனத்திற்கு." எங்கள் ஊரில் மாம்பழம்தான் கனியும், கவனம் கனிந்து யாரும் பார்த்ததில்லை. ஐந்தாம் வகுப்பு வரைதான் நான் தமிழில் படித்தேன். அதற்கு மேல் எல்லாம் தெலுங்கு மீடியம். அதனால் அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் மனப்பாடம் செய்தேன். புத்தூர் வரும்வரை பஸ்ஸில் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வருவேன். ஒருநாள் பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஓர் அம்மா, "இன்னா மந்திரம்மா அது? கல்யாணம் ஆவறதுக்கா?" என்று கேட்டார். "வேலை நிரந்தரம் ஆவறதுக்கு" என்றேன். "பலிச்சா எனக்கும் சொல்லிக்குடு, எம் பையன் சும்மாதான் கீறான்" என்றார்.

மந்திரம் பலித்துக்கொண்டுதான் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. மேற்பார்வையாளர் கூண்டுப் பக்கம் வருவதையே குறைத்துவிட்டார். மூன்று மாதம் முடிய ஒன்பது நாள் மிச்சம் இருந்தபோதுதான் என் ஜன்னலுக்கு வேறோர் அம்மா வந்தார்.

மதியம் மூன்று மணி இருக்கும். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஆரணிப் பக்கம். இரண்டு கைகளிலும் பை. ஜன்னல் ஓட்டையில் வாயை வைத்து, "பாப்பா, தமிழா?" என்றார்.

"தமிழ்தாம்மா, சொல்லுங்க."

"எங்க ஊட்டுக்காரரு காணோம். நாலு மணிக்கு வண்டி. மைக்குல கூப்புடு."

"பேரு சொல்லுங்கம்மா."

அவர் சொல்லவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பைக்குள் கையை விட்டு ஆதார் அட்டையை எடுத்து ஜன்னலில் நீட்டினார். படித்தேன். சாமி பெயர். மேலே மலையில் நிற்கும் அதே சாமியின் பெயர்.

காணாமல் போனவர் படிவத்தை எடுத்துப் பூர்த்தி செய்தேன். பெயர், வயது, ஊர், உடை. பிறகு மைக்கை அழுத்தி, தாளில் உள்ளபடி, சுத்தமாக வாசித்தேன். ஆரணி பகுதியிலிருந்து வந்திருக்கும் இன்னார் அவர்கள், எங்கிருந்தாலும் தகவல் மையத்திற்கு வரவும், தங்கள் மனைவி தங்களுக்காகக் காத்திருக்கிறார்.

ஐந்து நிமிடத்தில் ஐந்து பேர் வந்தார்கள்.

எல்லோருக்கும் அதே பெயர். திருப்பதியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு என்ன நடக்கும்? ஐந்து பேருமே மொட்டை, ஐந்து மொட்டையிலும் சந்தனம். அந்தச் சத்தத்தில் ஊர்ப் பெயர் யார் காதிலும் விழவில்லை போலிருக்கிறது. 'மனைவி காத்திருக்கிறார்' என்பது மட்டும் விழுந்து, பதறி ஓடி வந்திருக்கிறார்கள். கூண்டுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். அந்த அம்மா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஐய, இதுல ஒண்ணும் நம்பளது இல்ல."

கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவர், "ஏனுங் அம்மிணி, அப்ப நாங்க போலாமுங்களா?" என்று பணிவாகக் கேட்டார். போகச் சொன்னேன்.

மறுபடி வாசித்தேன், இந்த முறை அடையாளத்தோடு. மொட்டை, சந்தனம், மஞ்சள் வேட்டி, மேலே துண்டு. வாசிக்கும்போதே கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வளாகத்தில் பாதிப் பேர் மஞ்சள் வேட்டியும் மொட்டையுமாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது முறையும் வாசித்தேன். யாரும் வரவில்லை. ஊட்டுக்காரரின் போனும் மூக்குக்கண்ணாடியும் காசும் அந்த அம்மாவின் பையில்தான் இருந்தன. மணி மூன்றே கால்.

பக்கத்து நாற்காலியில் இருந்த தெலுங்கு அக்கா, இருபது வருடம் மைக் பிடித்தவர், காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "ஏம்மா, சண்டை ஏமைனா?"

"சண்டையெல்லாம் இல்லம்மா" என்றார் ஆரணி அம்மா. கொஞ்ச நேரம் பையின் காதைத் திருகினார். "ஒரு வார்த்த சொன்னேன். அவ்ளோதான்."

"இன்னா வார்த்த?" என்றேன். தாளில் உள்ள தமிழை மறந்து என் வாய்த் தமிழ் வந்துவிட்டது.

அவருக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "முப்பது வருசமா மீசையோடவே பாத்த மூஞ்சி பாப்பா. மொட்ட போட்ற எடத்துல மீசையும் சேத்து எடுத்துட்டு வெளிய வந்தாரா... அப்பிடியே அவங்க அம்மா! எங்க மாமியாரு செத்து ஆறு வருசம் ஆவுது. எதுருக்க வந்து நின்னா மாதிரி இருந்திச்சி. 'ஐயோ, மாமியாரு வந்துட்டாங்கோ'ன்னு கத்திட்டேன். சுத்தி கீறவங்கல்லாம் சிரிச்சிட்டாங்க. அப்போ மூடுன வாய்தான். மலையில இருந்து எறங்கற வரிக்கும் ஒரு பேச்சு இல்ல. வண்டிய வுட்டு எறங்குனாரு, நடந்தாரு, பூட்டாரு."

அக்காவுக்கு நான் தெலுங்கில் சொன்னேன். அக்கா மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆரணி அம்மாதான் முதலில் நிறுத்தினார்.

"எனக்கு ஆப்ரேசன் ஆச்சி, போன வருசம். பொயச்சி எழுந்தா மீசையோட சேத்து முடி குடுக்கறேன்னு வேண்டிக்கினாரு. எனக்கோசரம் எடுத்த மீச. அதப் பாத்துதான் நான் சிரிச்சது."

எங்கள் சிரிப்பும் நின்றது.

"அம்மா, மூணு தடவ கூப்ட்டுட்டேன். அவரு காதுல வுழுந்துதான் இருக்கும். கோவத்துல இருக்கறவரு என் கொரலுக்கு எப்பிடி வருவாரு? நீங்க மன்னிப்பு கேக்கறீங்கன்னு சொல்லட்டா?"

"ஐயையோ, வாணாம்! அந்த வார்த்த எங்க ஊட்ல பழக்கமே இல்ல. நான் மன்னிப்பு கேட்டேன்னு தெரிஞ்சா, மறுபடி நோவு வந்துட்சின்னு பயந்துடுவாரு."

"அப்போ, கோச்சிக்கினா எப்பிடித்தான் சமாதானம் ஆவீங்க?"

"துன்னக் கூப்புடுவேன். வருவாரு. அவ்ளோதான்."

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அம்மாவும் நைனாவும் இரண்டு நாள் பேசாமல் இருப்பார்கள். மூன்றாம் நாள், "சோறு ஆறுது" என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொல்வாள். நைனா எழுந்து கை கழுவப் போவார். அதோடு எல்லாம் முடிந்தது. ஆனால் அதை அம்மாதான் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை நான் எடுத்துப்போய் நைனாவிடம் சொன்னால், "எனுக்குப் பசியில்ல" என்பார்.

கூண்டின் சுவரில் சிவப்புப் பேனாவில் ஒரு விதி எழுதி ஒட்டியிருந்தது. அறிவிப்பாளர் தவிர வேறு யாரும் மைக்கைத் தொடக்கூடாது. மேற்பார்வையாளர் டீ குடிக்கப் போயிருந்தார். ஒன்பது நாள். எனக்கு அந்த வேலை வேண்டும். அத்தைக்காக இல்லை, எனக்காகவே வேண்டும். மூன்று மாதமாகக் காலையில் கண் விழிக்கும்போதே அந்த நாற்காலிதான் ஞாபகம் வரும். அக்காவைப் பார்த்தேன். அக்கா கூரையைப் பார்த்தார். மணி மூன்றே முக்கால் ஆகப்போகிறது.

மைக்கின் கழுத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, பொத்தானை அழுத்தினேன். "பேசுங்கம்மா."

அவர் முதலில் மைக்கை முறைத்தார். பிறகு தொண்டையைச் செருமினார். அது வளாகம் முழுக்க இடிபோல் கேட்டது.

"யோவ். த பாரு. கட்டிக்கினு வந்த புளிசோறு அப்பிடியே கீது. காலைலேந்து நீ ஒண்ணும் துன்னல. வந்து துன்னு. துன்னுட்டு அப்புறமா கோச்சிக்க." மூச்சு விட்டார். நான் பொத்தானிலிருந்து கையை எடுக்கப் போனேன். "இரு பாப்பா" என்றார். அதுவும் மைக்கில் போனது. "மொட்ட நல்லாத்தான்யா கீது."

கண்ணாடி வழியாக நான் பார்த்ததை எப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. வளாகத்தில் இருந்த மொட்டைகளில் பாதிப் பேர் தங்கள் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். முதலில் தமிழ்க்காரர்கள் சிரித்தார்கள். என்ன, என்ன என்று தெலுங்குக்காரர்கள் கேட்க, பெஞ்சுக்குப் பெஞ்சு மொழிபெயர்ப்பு போனது. இரண்டாவது சிரிப்பு எழுந்தது. அது அடங்கும்போது கோலார் வண்டிக்குக் காத்திருந்த கன்னடக்காரர்கள் பக்கத்திலிருந்து மூன்றாவது சிரிப்பு வந்தது.

அவர் வந்தார். எங்கிருந்தோ அல்ல, கூண்டுக்கு இருபதடி தள்ளி இருந்த தூணுக்குப் பின்னாலிருந்து. முதல் அறிவிப்பிலிருந்து அங்கேதான் நின்றிருக்கிறார்.

"மைக்குல இன்னாத்துக்கு என் மானத்த வாங்கற?"

"கூப்ட்டப்பவே வந்திருந்தா நான் இன்னாத்துக்கு மைக்க புடிக்கப்போறேன்?"

"எவளோ ஒருத்தி 'அவர்கள், அவர்கள்'னு கூப்புட்டா எனுக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டு, அந்த எவளோ ஒருத்தியான என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "சோறு எங்க?"

அந்த அம்மா பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டார். என் ஜன்னலுக்குக் கீழேயே உட்கார்ந்து அவசர அவசரமாகச் சாப்பிட்டார்கள். "மாமியாரு நல்ல மாதிரிதான், இல்லன்னு சொல்லல" என்று அந்த அம்மா சொன்னது காதில் விழுந்தது. நாலு மணி வண்டியில் ஏறிப் போனார்கள். எனக்கு ஒரு பிடி புளிசோறு இலையில் மிஞ்சியது.

அதைச் சாப்பிட்டு முடிக்கும் முன் மேற்பார்வையாளர் வந்துவிட்டார். டீக்கடை வரைக்கும் சத்தம் கேட்டிருக்கிறது. அவர் கத்தவில்லை. நாளை காலைக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும் என்றார். சஞ்சாயிஷி. அரசு அலுவலகமோ தனியாரோ, எங்கள் பக்கத்தில் எல்லோரும் பயப்படும் தெலுங்குச் சொல் அது.

அவர் போனதும் அக்கா இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். ஜெராக்ஸ். 'என் தவறை உணர்ந்து வருந்துகிறேன், மன்னிக்க வேண்டுகிறேன், இனி இப்படி நடக்காது' என்று தெலுங்கில் அழகாக எழுதி, பெயருக்கும் தேதிக்கும் மட்டும் இடம் விட்டிருந்தது. அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் அந்த ஒரே மன்னிப்புதான். தாமதமாக வந்தாலும் அதுதான், டிக்கெட் கட்டைத் தொலைத்தாலும் அதுதான்.

"சந்தகம் பெட்டு, அயிப்போத்துந்தி" என்றார் அக்கா. கையெழுத்துப் போடு, முடிந்துவிடும்.

முடிந்துதான் இருக்கும். எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் தாளைப் பார்த்ததும் நைனாவின் முகம் வந்தது. எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னலுக்குப் போனாலும், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "தப்பு எங்க மேலதாங்க" என்றுதான் நைனா ஆரம்பிப்பார். என்ன விஷயம் என்று அவர்கள் சொல்வதற்கு முன்பே. ஒருமுறை மின்சார அலுவலகத்தில், தப்பு அவர்களுடையது என்று அவர்களே சொல்லிக்கொண்டிருக்கும்போதும் நைனா அதையே சொன்னார். வேறு எந்தச் சொல்லையும் யாரும் அவருக்குக் கற்றுத்தரவில்லை. எனக்குத் தந்திருக்கிறார்கள். பதினைந்து வருடம்.

ஜெராக்ஸை மடித்து இழுப்பறையிலேயே வைத்தேன். வீட்டில் உட்கார்ந்து தெலுங்கில் மூன்று முறை எழுதிக் கிழித்து, நான்காவது முறை எழுதியது நின்றது. விதி எனக்குத் தெரியும், தெரிந்தேதான் மைக்கைக் கொடுத்தேன், அதற்கு நான்தான் பொறுப்பு என்று முதல் பத்தியில் எழுதினேன். நடந்ததை நடந்தபடி இரண்டாம் பத்தியில். மன்னிப்பு என்ற சொல்லை எழுதவில்லை. மூன்றாம் பத்தியில் இரண்டு யோசனை சொன்னேன். தமிழ் அறிவிப்புகள் யாரோ தெலுங்கிலிருந்து அப்படியே மாற்றியவை, அவற்றை எல்லா ஊர்க்காரருக்கும் புரிகிறபடி திருத்தி எழுத எனக்கு அனுமதி வேண்டும். காணாமல் போனவர் படிவத்தில், உடை, அடையாளத்துக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: பிரிவதற்கு முன் கடைசியாக என்ன பேசினீர்கள்?

மேற்பார்வையாளர் கூண்டிலேயே நின்று படித்தார். இரண்டு முறை படித்தார். நீலப் பேனாவை எடுத்து ஓர் இடத்தில் எழுத்துப் பிழை திருத்தினார்.

"இதி சஞ்சாயிஷியா, அர்ஜியா?" என்றார். இது விளக்கமா, மனுவா?

"ரெண்டூ, சார்."

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எட்டு நாள் ஒரு பேச்சும் இல்லை. அந்த எட்டு நாளும் நான் "கனிவான கவனத்திற்கு" ஒரு குறையும் வைக்கவில்லை. அம்மா தினமும், "இன்னா சொன்னாரு?" என்று கேட்பாள். "ஒண்ணும் சொல்லல" என்பேன். "ஒண்ணும் சொல்லலன்னா நல்லதுதான்" என்பாள். மறுநாளும் கேட்பாள்.

கடைசி நாள் சாயங்காலம் அழைத்தார். மேசையில் என் விளக்கம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. அவர் கேட்டது ஒரே கேள்வி: அந்த ஆள் நாலு மணி வண்டியைப் பிடித்தாரா? பிடித்தார் சார் என்றேன். மைக்கை ஏன் யாருக்கும் கொடுப்பதில்லை என்று அப்போதுதான் சொன்னார். முன்பு ஒருவருக்குக் கொடுத்ததில், அவர் தன் தம்பியோடு இருந்த நிலத் தகராறு முழுவதையும், பாட்டன் காலத்திலிருந்து, மைக்கில் சொல்லி முடித்துவிட்டுத்தான் விட்டாராம். அதனால் அந்த விதி அப்படியே இருக்கும். "அவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்கிறபடியே நீ சொல்" என்றார். பிறகு நியமனத் தாளை என் பக்கம் தள்ளினார். பச்சைப் பேனாவில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

இதெல்லாம் நடந்து ஐந்து மாதமாகிறது. புதிய படிவம் அச்சாகி வந்துவிட்டது. கடைசியாக என்ன பேசினீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். சிலர் படிவத்தையே வாங்கிக்கொண்டு தனியே போய் எழுதுகிறார்கள். "வாங்கற தண்ணி பாட்டிலு கூலிங்கா வாங்குன்னு சொன்னேன், வேற ஒண்ணும் சொல்லலியே" என்று மதுராந்தகத்து அம்மா ஒருவர் அரைமணி நேரம் யோசித்தார். அவர் கணவர் கூலிங் பாட்டிலைத் தேடித்தான் அலைந்துகொண்டிருந்தார்.

கன்னட நாற்காலி மட்டும் காலியாகவே இருந்தது. கோலார், முல்பாகல்காரர்கள் ஜன்னலுக்கு வந்து தெலுங்கிலும் கையிலுமாகப் பேசிவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னோடு கல்லூரியில் படித்தவள் ஒருத்தி, மூன்று மாநிலமும் சந்திக்கிற குப்பம் என்ற ஊரில் இருக்கிறாள். அவள் வீட்டில் காலையில் கன்னடம், கடைத்தெருவில் தெலுங்கு, பக்கத்து வீட்டோடு தமிழ். நான்கு ஞாயிற்றுக்கிழமை ரயில் பிடித்துப் போய், அவள் சமையலறையில் நோட்டோடு உட்கார்ந்தேன். தட்டைப் போட்டுவிட்டு அவள் அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிடும் விதத்தைத்தான் முதல் பக்கத்தில் எழுதினேன். பேருந்து, பிளாட்பாரம் எல்லாம் இரண்டாம் பக்கத்தில்.

போன வாரம் மேற்பார்வையாளருக்கு முன்னால் வாசித்துக் காட்டினேன். நேற்றுக் காலை ஏழரை மணிக்கு, கோலார் வண்டி மூன்றாவது பிளாட்பாரத்தில் நிற்கிறது என்று மைக்கில் கன்னடத்தில் சொன்னேன். பெஞ்சில் இருந்த ஏழெட்டுப் பேர் பைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து, மூன்றாவது பிளாட்பாரத்துக்கு நடந்தார்கள்.